சுகரோட ராத்திரி வேர்வை: ஏசியா, ஊசியா, சென்சாரா, எதுக்கு முதல்ல காசு போடறது?

நடுராத்திரி முழிச்சுப் பாத்தா நைட்டி முதுகுப் பக்கம் பிழியற அளவுக்கு நனைஞ்சிருக்கு, தலையணை உறை ஈரம், கழுத்தெல்லாம் பிசுபிசுன்னு இருக்குன்னு வீட்டுல சொன்னா முதல்ல வர்ற பதில் "ஒரு ஏசி மாட்டிடலாம்", அதுக்கு அடுத்தது "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்". சுகர் இல்லாதவங்களுக்கு இந்த ரெண்டுமே சரியா கூட இருக்கலாம். ஆனா இன்சுலின் போட்டுக்கறவங்க, இல்ல கிளிமிபிரைடு மாதிரி கணையத்த விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை சாப்பிடறவங்க, இவங்களுக்கு ராத்திரி வேர்த்துச்சுன்னா அது ரத்தத்துல சுகர் இறங்குதுன்னு உடம்பு குடுக்கற சிக்னலா இருக்கலாம், அத ஏசி போட்டு அமுக்கறது ஆபத்து.

எனக்கு டைப் 2, ரொம்ப வருஷமா இருக்கு, காலையும் ராத்திரியும் 30/70 இன்சுலின் ஊசி, கூடவே பீரியட்ஸ் நிக்கற வயசும் வந்து சேந்துக்கிச்சு, இருக்கறது திருச்சில, இங்க மே மாசத்துல வேர்க்கலைன்னாதான் அதிசயம். ஆக சுகர், வயசு, வெயில்னு மூணு மேலயும் சந்தேகம். இதுல எதுக்கு எவ்வளவு செலவு, எது உண்மையிலேயே வேலை செய்யும், எத கடைசில வச்சுக்கலாம்னு நான் பாத்து வச்ச வரிசையத்தான் எழுதறேன். எந்த வேர்வைன்னு கண்டுபிடிக்க முதல் செலவு, மருந்த சரி பண்ண ரெண்டாவது, குளிர்ச்சிக்கு மூணாவது. நான் பாத்த வரைக்கும் நிறைய வீட்டுல இது அப்படியே தலைகீழா நடக்குது, நாப்பதாயிரம் ரூபா ஏசி வந்துடும், சுகர் குத்திப் பாக்கற இருபது ரூபா ஸ்ட்ரிப் மட்டும் டப்பால எக்ஸ்பயரி ஆகிக் கிடக்கும்.

வேர்வைல ரகம் இருக்கு, கொஞ்சம் கவனிச்சா நமக்கே பிடிபடும். லோ சுகர் வேர்வை சில்லுன்னு இருக்கும், நெத்தி, பின்கழுத்து, நெஞ்சு ஈரமா ஆகி தொட்டா குளிரும், கூடவே படபடப்பு, கை நடுக்கம், திடீர்னு அகோரப் பசி, கெட்ட கனவு, காலைல எழுந்தா தலைவலியும் அடிச்சுப் போட்ட அசதியும். சுகர் இறங்கும்போது உடம்பு அட்ரினலின விடுது, அதோட வேலை இதெல்லாம். பீரியட்ஸ் நிக்கற சமயத்து வேர்வை வேற, அது முதல்ல நெஞ்சுலேருந்து முகத்துக்கு தகதகன்னு சூடு ஏறி, போர்வைய உதறித் தள்ளுவோம், அப்புறம் வேர்த்து, அது அடங்கினதும் லேசா குளிரும், சில நிமிஷத்துல முடிஞ்சிடும், பகல்லயும் வரும். வெயில் வேர்வைக்கு விளக்கமே வேணாம், கரண்ட் கட் ஆனா வீட்டுல இருக்கற எல்லாருக்கும் வேர்க்கும், உங்களுக்கு மட்டும் இல்ல.

இந்த வித்தியாசம் ஒரு துப்புதான், தீர்ப்பு இல்ல, ஏன்னா ரெண்டும் கலந்து வரும். இன்னொரு சிக்கல், பிபிக்கோ ஹார்ட்டுக்கோ மெட்டோபிரலால், புரோபிரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சுகர் இறங்கினாலும் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிடும், வேர்வை மட்டும் அமுங்காது. அப்ப அந்த வேர்வை ஒண்ணுதான் மிச்சம் இருக்கற அடையாளம். அதையும் "ஏசி பத்தல"ன்னு நினைச்சு 20க்கு இறக்கிட்டுப் படுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

அதனால முதல் ஒப்பீடு, விரல்ல குத்திப் பாக்கற குளுக்கோமீட்டரா, கைல ஒட்டற சென்சாரான சிஜிஎம்மா.

குளுக்கோமீட்டர் பெரும்பாலும் வீட்டுல இருக்கும், ஸ்ட்ரிப் கம்பெனிய பொறுத்து ஒண்ணு 15லேருந்து 25 ரூபா. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு அலாரம் வச்சு ஒரு தடவை, வேர்த்து முழிச்சா அந்த நேரத்துல ஒரு தடவை, படுக்கும்போதும் காலைலயும் ஒண்ணு ஒண்ணு, இப்படி ஒரு வாரம் பாத்து ஒரு பழைய காலண்டர் பின்பக்கம் எழுதி வச்சா டாக்டருக்கு அதுவே பாதி விஷயம் சொல்லிடும். 70க்கு கீழ போனா லோ, 54க்கு கீழ போனா சீரியஸ் லோ. ஒரு சின்ன விஷயம், வேர்த்த கைய அப்படியே குத்தாதீங்க, ஈரம் ரத்தத்தோட கலந்தா ரீடிங் குறைச்சுக் காட்டும், பழம் உரிச்ச கையோட குத்தினா கூட்டிக் காட்டும், துண்டுல நல்லா துடைச்சிட்டு குத்துங்க. மீட்டர்ல கொஞ்சம் முன்னபின்ன இருக்கறது சகஜம், 100க்கு கீழ 15 வரைக்கும் கூடக்குறைய காட்டினாலும் அந்த மீட்டர் தரத்துக்கு உட்பட்டதுதான், அதனால 74ன்னு காட்டிச்சு, வேர்வையும் இருக்கு, நடுக்கமும் இருக்குன்னா "70க்கு மேலதான இருக்கு"ன்னு வக்கீல் மாதிரி வாதாடாம லோன்னே எடுத்துக்கங்க.

மீட்டரோட குறை என்னன்னா நீங்க முழிச்சாதான் அது வேலை செய்யும். ரொம்ப வருஷமா சுகர் இருக்கறவங்க, அடிக்கடி லோ ஆகறவங்களுக்கு உடம்பு சிக்னல் குடுக்கறதையே குறைச்சுக்கும், தூக்கத்துல இருக்கும்போது அட்ரினலின் சுரக்கறதும் மந்தம், வேர்க்காமயே இறங்கிட்டு தானா ஏறவும் செய்யும், நீங்க மூணு மணிக்குப் பாத்தா 110 காட்டும், ஒண்ணரை மணிக்கு 58 இருந்தது யாருக்கும் தெரியாது.

அங்கதான் சிஜிஎம் ஜெயிக்குது. ஒண்ணு ரெண்டு வாரம் சுமாருக்கு இருக்கும், ராத்திரி முழுக்க ஒரு கோடு போட்டு காட்டிடும், விலை 4,000லேருந்து 5,000 ரூபா வரைக்கும் ஆகும். மாசத்துக்கு ரெண்டுன்னா நம்மள மாதிரி வீட்டுக்கு கட்டுப்படியாகாது, ஆனா என்னோட கருத்து, அத வாழ்நாள் சந்தாவா பாக்காம ஒரு எக்ஸ்ரே எடுக்கற மாதிரி பாருங்க, ஒரே ஒரு சென்சார் போட்டு, அந்த ரெண்டு வாரத்துல என்னைக்கு எத்தன மணிக்கு சாப்பிட்டோம், ஊசி போட்டோம், வேர்த்துச்சுன்னு எழுதி வச்சா போதும். அதுலயும் பழைய மாடல் சென்சார் சிலதுல அலாரம் கிடையாது, நீங்க போன வச்சு ஸ்கேன் பண்ணாதான் காட்டும், எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்கேன் பண்ணலைன்னா நடுவுல இருக்கற டேட்டா போயிடும். வாங்கும்போது "லோ ஆனா தானா அடிக்குமா"ன்னு கேட்டு வாங்குங்க.

சென்சார் பொய்யும் சொல்லும். ஒட்டின கை மேலயே ஒருக்களிச்சுப் படுத்தா அந்த இடம் அழுந்தி 50, 55ன்னு இல்லாத லோவ காட்டும், புரண்டு படுத்ததும் சரியாயிடும். அது ரத்தத்துல அளக்கறது இல்ல, தோலுக்கு அடில இருக்கற திரவத்துல அளக்குது, நிஜ ரத்த சுகருக்கு 5லேருந்து 15 நிமிஷம் பின்னாடி வரும். அதனால சென்சார் வாங்கினாலும் பழைய மீட்டர தூக்கி நாத்தனாருக்கு குடுத்துடாதீங்க, வேர்வை இருந்து சென்சார் நம்பர் ஒத்துவரலைன்னா விரல்ல குத்திப் பாத்துக்கணும்.

சரி, அளந்து பாத்தாச்சு, சுகர் நல்லாத்தான் இருக்கு, ஆனா வேர்வை நிக்கல, அதோட எடை குறையுது, சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல் அடிக்குது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குன்னா வேற எந்த ஒப்பீடும் வேணாம், சளி டெஸ்டுக்கும் எக்ஸ்ரேக்கும் போயிடுங்க. சுகர் இருக்கறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு, இருமல், காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை, இந்த நாலையும்தான் டிபி ஸ்க்ரீனிங்ல கேக்கறாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டெஸ்டும் ஃப்ரீ, மருந்தும் ஃப்ரீ, சிகிச்சை நடக்கற வரைக்கும் சத்துணவுக்குன்னு மாசம் 1,000 ரூபா பேங்க்ல போடறாங்க, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500ஆ இருந்துச்சு. "எனக்கெல்லாம் டிபியா"ன்னு கௌரவம் பாக்கற வியாதி இல்ல இது. எடை குறையுது, பகல்லயும் படபடப்பு, கை நடுக்கம்னா தைராய்டு ஒரு தடவை பாத்துக்கலாம். பயங்கர குறட்டை, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு பக்கத்துல படுக்கறவங்க சொன்னா தூக்கத்துல மூச்சுத் திணறற பிரச்சனையாலயும் வேர்க்கும். அப்புறம் மாத்திரை சீட்ட எடுத்துப் பாருங்க, பாத எரிச்சலுக்கு சுகர்காரங்களுக்கு நிறைய எழுதற டுலாக்செடின், மனச்சோர்வுக்கு குடுக்கற சில மாத்திரைங்க, வலிக்கு டிராமடால், இதெல்லாம் வேர்வைய கூட்டும்.

இன்னொண்ணு, ரொம்ப நாள் சுகர்ல நரம்பு பாதிச்சா வேர்வை பங்கீடே மாறிப் போகும். கால் பாதம் வறண்டு வெடிச்சுக் கிடக்கும், அங்க வேர்க்காததுக்கு ஈடா முகம், தலை, நெஞ்சுன்னு மேல் பாதில கொட்டும், சிலருக்கு சாப்பாடு வாயில வச்சதுமே நெத்தி வேர்க்க ஆரம்பிச்சிடும், காரமே இல்லாம. இது லோ சுகர் இல்ல, டாக்டர்கிட்ட "சாப்பிடும்போதும் வேர்க்குது, கால்ல வேர்க்கறதே இல்ல"ன்னு சேத்து சொன்னா அவருக்கு சீக்கிரம் புரியும்.

இப்ப முக்கியமான கட்டம், ராத்திரி லோ ஆகுதுன்னு தெரிஞ்சுபோச்சு, என்ன பண்றது? நாலு வழி இருக்கு, படுக்கும்போது ஏதாவது சாப்பிடறது, ஊசியோட டோஸ் இல்ல நேரத்த மாத்தறது, இன்சுலின் வகையவே மாத்தறது, மாத்திரைய மாத்தறது.

முதல் வழிதான் எல்லாரும் போறது, ஏன்னா டாக்டர் ஃபீஸ் இல்ல. "படுக்கும்போது ஒரு டம்ளர் பால் குடி, ரெண்டு மாரி பிஸ்கட் தின்னு, சரியாயிடும்"னு மாமியார்லேருந்து வாக்கிங் ஃப்ரெண்ட் வரைக்கும் சொல்லுவாங்க. அவசரத்துக்கு தப்பில்ல, படுக்கும்போது 100க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுதான் படுக்கணும், அதுல பாலும் ஒரு கைப்பிடி சுண்டலும் பிஸ்கட்ட விட நல்லது, மெதுவா செரிக்கும். ஆனா இதையே தினசரி வழக்கமா வச்சுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஊசி அதிகமா இருக்கு, அதுக்கு ஈடா சாப்பாடு, அந்த சாப்பாட்டால எடை, எடையால இன்னும் ஊசி, இப்படி ஒரு வட்டத்துல மாட்டிக்குவோம். தினமும் ராத்திரி தின்னாதான் பொழைக்க முடியும்னா டோஸ் தப்புன்னு அர்த்தம்.

ரெண்டாவது வழி, டோஸும் நேரமும். 30/70ல 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யற ரெகுலர் இன்சுலின், 70 பங்கு மெதுவா வேலை செய்யற என்பிஎச் இன்சுலின், இந்த என்பிஎச் போட்டு நாலு மணி நேரத்துக்கு அப்புறம்தான் வேகம் எடுக்கும், எட்டு மணி நேரம் வரைக்கும் கூட உச்சத்துல இருக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு போட்டா கணக்கு போட்டுப் பாருங்க, பன்னெண்டுலேருந்து நாலுக்குள்ள, வயித்துல ஒண்ணும் இல்லாத நேரத்துல அது உச்சத்துல நிக்கும். அதனாலதான் நிறைய பேருக்கு வேர்வை ரெண்டு மணி சுமாருக்கு. டாக்டர் இதுக்கு ராத்திரி டோஸ ரெண்டு யூனிட், நாலு யூனிட்னு குறைப்பாரு, இல்ல ரெண்டையும் பிரிச்சு சாப்பாட்டுக்கு முன்னாடி ரெகுலர், படுக்கும்போது என்பிஎச்னு மாத்துவாரு, அப்ப உச்சம் விடியக்காலைக்கு தள்ளிப்போகும், அந்த நேரத்துல பெரும்பாலானவங்களுக்கு சுகர் தானா ஏறும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சரிக்கட்டிக்கும். செலவு கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. இதனாலதான் நான் இந்த வழிய முதல்ல வைக்கிறேன், ஆனா டாக்டர்கிட்ட அந்த காலண்டர் சீட்ட நீட்டினாதான் நடக்கும், "வேர்க்குது டாக்டர்"னு மட்டும் சொன்னா அவரும் "வெயில் காலம்மா"ன்னுதான் சொல்லுவாரு. நீங்களா குறைக்கறதோ, பயந்து ஒரு வேளை ஊசிய விடறதோ வேணாம்.

டோஸ குறைக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இன்னும் சிலது இருக்கு, இதெல்லாம் ஃப்ரீ. கலங்கலா இருக்கற இன்சுலின உள்ளங்கைல வச்சு மெதுவா உருட்டி கலக்கணும், சரியா கலக்காம போட்டா ஒரு நாள் ஒரு மாதிரி வேலை செய்யும். ஒரே இடத்துல குத்திக் குத்தி வயித்துல கட்டி மாதிரி ஆயிருந்தா அங்க போட்ட மருந்து எப்ப இறங்கும்னு சொல்லவே முடியாது, அந்த கட்டிய விட்டுட்டு புது இடத்துல அதே டோஸ போட்டா திடீர்னு லோ ஆகும், அதையும் சொல்லிட்டு மாத்துங்க. சிரிஞ்ச் விஷயம் எல்லாத்தையும் விட முக்கியம், நம்ம ஊர் பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட் ரகம், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், பென்ல போடற காட்ரிட்ஜ் 100 ரகம், அதுக்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. கடைல மாத்தி குடுத்தா டோஸ் ரெண்டரை மடங்கு கூடவோ குறையவோ போயிடும். மூடி கலர பாக்காம வாங்காதீங்க, கடைப்பையன் "எல்லாம் ஒண்ணுதாம்மா"ன்னு சொன்னாலும்.

அதோட சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னும் பாக்கணும். வழக்கத்த விட அதிகமா நடந்த நாள், வீடு ஒட்டடை அடிச்ச நாள், கல்யாண வீட்டுல நின்னு வேலை பாத்த நாள், இதுக்கெல்லாம் பலன் ராத்திரிதான் தெரியும், தசை மணிக்கணக்கா சுகர இழுத்துக்கிட்டே இருக்கும். ஆம்பளைங்க தண்ணி அடிச்சிட்டு சாப்பிடாம படுத்தா கல்லீரல் சுகர் விடறத நிறுத்திடும், அதுல வர்ற லோ ரொம்ப மோசம், பக்கத்துல இருக்கறவங்க "போதைல கிடக்காரு"ன்னு விட்டுடுவாங்க. கிட்னி வேலை குறைஞ்சவங்களுக்கு இன்சுலின் உடம்புல ரொம்ப நேரம் தங்கும், பழைய டோஸே புதுசா லோ பண்ணும், கிரியாட்டினின் பாத்து ரொம்ப நாள் ஆச்சுன்னா அத பாருங்க.

மூணாவது வழி, இன்சுலின் வகைய மாத்தறது. கிளார்ஜின், டெக்லுடெக் மாதிரி நீண்ட நேர இன்சுலின் உச்சம்னு பெருசா இல்லாம சமமா ஓடும், ராத்திரி லோ குறைவு, அதுலயும் டெக்லுடெக் இன்னும் குறைவு. ஆனா விலை சாதா 30/70 பாட்டில விட பல மடங்கு, சாப்பாட்டுக்கு தனி ஊசியும் தேவைப்படலாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வாங்கறவங்களுக்கு பெரும்பாலும் சாதா இன்சுலின்தான் கைக்கு வரும். அதனால டோஸ், நேரம், குத்தற இடம் எல்லாம் சரி பண்ணியும் லோ நிக்கலைன்னாதான் இதுக்கு போகலாம்ங்கறது என் எண்ணம், தனியா இருக்கற வயசானவங்களுக்கு மட்டும் இத முன்னாடியே யோசிக்கலாம்.

நாலாவது மாத்திரைக்காரங்களுக்கு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டா லோ ஆகறது அபூர்வம், அப்ப வேர்வைக்கு வேற காரணம் தேடுங்க. கிளிபென்கிளமைடு, பழைய ஆளுங்க டயோனில்னு சொல்வாங்க, அது உடம்புல நீண்ட நேரம் நிக்கும், வயசானவங்களுக்கும் கிட்னி குறைஞ்சவங்களுக்கும் அத தவிர்க்கச் சொல்றாங்க, இன்னும் அத முழுங்கிட்டிருக்கற தாத்தா பாட்டி உங்க வீட்டுல இருந்தா அடுத்த தடவை கட்டாயம் கேளுங்க. கிளிமிபிரைடும் லோ பண்ணும், கிளிக்லசைடு கொஞ்சம் பரவால்ல. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டபாகிளிஃப்ளோசின் மாதிரி மருந்துங்க தனியா லோ பண்றது ரொம்ப குறைவு, முன்னாடி விலை பயமுறுத்தும், பேட்டன்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் லோக்கல் கம்பெனிங்க எல்லாம் போட ஆரம்பிச்சு நல்லா இறங்கிடுச்சு, சிட்டாகிளிப்டினுக்கு அது 2022ல நடந்துச்சு. அதனால "விலை அதிகம்"னு அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி வேணாம்னு வச்ச மருந்த இப்ப மறுபடி விலை விசாரிக்கலாம்.

வேர்த்து முழிச்ச அந்த நிமிஷத்துக்கு என்ன சாப்பிடறதுங்கறதுலயும் ஒரு ஒப்பீடு இருக்கு. குளுக்கோஸ் பவுடர் மூணு டீஸ்பூன் தண்ணில கரைச்சு குடிக்கறது முதல் இடம், இல்லைன்னா சக்கரைத் தண்ணி, ஜூஸ். பதினஞ்சு கிராம் உள்ள போகணும், பதினஞ்சு நிமிஷம் பொறுத்து மறுபடி குத்திப் பாக்கணும், ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ பாலோ. சாக்லேட் வேலைக்கு ஆகாது, அதுல இருக்கற கொழுப்பு சுகர மெதுவாத்தான் விடும். வாக்லிபோஸ் மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் கவனிங்க, நம்ம ஊர்ல நிறைய பேருக்கு மெட்ஃபார்மின் கிளிமிபிரைடோட சேத்தே இத குடுக்கறாங்க, அந்த மாத்திரை சக்கரை செரிக்கறதையே தடுக்கும், அதனால வீட்டு சக்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ்தான் வேணும். சீட்டுல அந்தப் பேரு இருந்தா இன்னைக்கே ஒரு பாக்கெட் வாங்கி கட்டில் பக்கத்துல வைங்க, கிச்சன்ல இல்ல, அந்த நேரத்துல கிச்சன் வரைக்கும் நடக்க முடியாது. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரை ஏறும், 108க்கு போன், இத பக்கத்துல படுக்கறவர்கிட்ட நல்லா இருக்கும்போதே சொல்லி வைக்கணும். எங்க வீட்டுக்காரர் "நான் தேன் தடவிடுவேன்"னு சொல்லிட்டிருந்தாரு, அத மாத்தறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு.

லோ இல்ல, மெனோபாஸ் வேர்வைதான்னு தெரிஞ்சா வழி வேற. ஹார்மோன் மாத்திரைதான் அதுக்கு பலமானது, ஆனா ரொம்ப வருஷம் சுகர், பிபி, ஹார்ட் ரிஸ்க், மார்பகப் புற்றுநோய் வந்தவங்கன்னு எல்லாம் பாத்துதான் குடுப்பாங்க, நிறைய பேருக்கு வேணாம்னுடுவாங்க. ஹார்மோன் இல்லாத வழில கபாபென்டின் எனக்கு சுவாரசியமா பட்டுச்சு, ஏன்னா பாத எரிச்சலுக்கும் அதையே குடுக்கறாங்க, ராத்திரி போட்டா தூக்கமும் வரும், கால் எரிச்சலுக்கு டுலாக்செடின் சாப்பிட்டு வேர்வை கூடினவங்க இத பத்தி டாக்டர்கிட்ட பேசலாம். கிட்னி குறைஞ்சிருந்தா அளவு குறைக்கணும், மறுநாள் காலைல தலை கிறுகிறுன்னு இருக்கும்ங்கறதும் உண்மை. வென்லாஃபாக்சின் இன்னொண்ணு, பிபி ஏறலாம். சிபிடின்னு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திப் பழகற மனசுக்கான பயிற்சி, கேக்கறதுக்கு சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனா வட அமெரிக்காவோட மெனோபாஸ் டாக்டர்கள் சங்கம் 2023ல குடுத்த பரிந்துரைல அதுவும் இருக்கு, சோயாவும் மூலிகை கேப்சூலும் அதுல தேறல. ஆன்லைன்ல 1,500 ரூபாக்கு விக்கற டப்பாங்கள வாங்கறதுக்கு முன்னாடி இத ஞாபகம் வச்சுக்கங்க.

கடைசியா குளிர்ச்சி. இது காரணத்த சரி பண்ணாது, ஆனா தூக்கத்த காப்பாத்தும், அதுவும் பெரிய விஷயம்தான்.

ஏர் கூலர் ஊர பொறுத்தது. திருச்சி, மதுரை, வேலூர்ல ஏப்ரல் மே வறட்சில நல்லாவே வேலை செய்யும், சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல காத்துல ஏற்கனவே ஈரம், அதுல கூலர் போட்டா ரூம் புழுங்கி வேர்வை காயாம இன்னும் பிசுபிசுக்கும், அங்க அது வீண் செலவு. ஏசி எல்லா ஊருக்கும் ஒத்துவரும், ஆனா ராத்திரி முழுக்க ஓடினா 1.5 டன்னுக்கு 5, 6 யூனிட்டாவது ஆகும், ரெண்டு மாச பில்லுல அது மட்டுமே 300 யூனிட்ட தாண்டும், மத்ததோட சேந்து 500ஐ தாண்டிட்டா ரேட் அட்டவணையே மாறிடும். 2020லேருந்து வர்ற ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24லதான் தொடங்கும், அதுக்கு கீழ இறக்க வேணாம், 26ல வச்சு மேல ஃபேன் ஓடவிட்டா வேர்வை காயறதுக்கு அதுவே போதும். ரொம்ப குளுர வச்சா பக்கத்துல இருக்கறவர் போர்வைக்குள்ள நடுங்குவாரு, அப்புறம் ரிமோட்டுக்கு சண்டை. ஏசி இல்லாதவங்க பழைய ஃபேன பிஎல்டிசி ஃபேனா மாத்தினா 75 வாட்ஸ் ஓடற இடத்துல 30 வாட்ஸ்தான் ஓடும், கட்டில் பக்கம் ஒரு டேபிள் ஃபேனும் சேத்து போட்டுக்கலாம், என் கணக்குல பணத்துக்கு பலன்னா இதுதான் முதல்.

அதவிட மலிவானது படுக்கை. மெமரி ஃபோம் மெத்தை உடம்ப அணைச்சுக்கிட்டு சூட்ட உள்ளயே வச்சுக்கும், சுகர்காரங்களுக்கு முதுகு வலிக்கு நல்லதுன்னு அதத்தான் விக்கறாங்க, வேர்க்கறவங்க அத வாங்காதீங்க, தேங்காய் நார் மெத்தையோ இலவம் பஞ்சோ போதும். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா மேல ஒரு கோரைப்பாய விரிச்சு அதுக்கு மேல பருத்தி பெட்ஷீட். ரெக்சின் மாதிரி வாட்டர்ப்ரூஃப் கவர் மெத்தைய காப்பாத்தும், உங்கள வேக வைக்கும். சென்னிமலை கைத்தறி பெட்ஷீட் துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகும், வேர்வையும் உறிஞ்சும், சாட்டின் நைட்டியும் பாலியெஸ்டர் பெட்ஷீட்டும் பாக்கத்தான் அழகு. தலையணை மேலயும் முதுகுக்கு அடியிலயும் ஒரு ஈரிழைத் துண்டு விரிச்சுட்டா நடுராத்திரி ஈரம் ஆனதும் துண்ட மட்டும் உருவிப் போட்டுட்டு திரும்பப் படுக்கலாம், பெட்ஷீட் மாத்தறேன்னு லைட்டப் போட்டு மொத்த வீட்டையும் எழுப்ப வேணாம். ஆனா உருவறதுக்கு முன்னாடி ஒரு தடவை குத்திப் பாத்துடுங்க.

இந்த வரிசை மாறவேண்டிய ஒரு ஆள் இருக்காங்க, ராத்திரி தனியா படுக்கறவங்க. பிள்ளைங்க பெங்களூர்லயோ துபாய்லயோ, அம்மா மட்டும் ஊர்ல, ஊசி வேற, லோ ஆனா எழுப்ப ஆள் கிடையாது. அவங்களுக்கு நான் மேல சொன்ன ஒரே ஒரு சென்சார் கணக்கு பொருந்தாது, அலாரம் இருக்கற சிஜிஎம் தொடர்ந்து போடறதும், லோ குறைவா பண்ற இன்சுலினுக்கு மாறறதும் ஏசிய விட முக்கியமான செலவு, பிள்ளைங்க காசு அனுப்பறாங்கன்னா ஏசி வேணாம், இது போதும்னு தைரியமா சொல்லலாம். பிள்ளைங்க போன்லயும் ரீடிங் தெரியற மாதிரி பண்ண முடியும், அம்மா வீட்டு சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுல ஒருத்தர்கிட்ட இருக்கணும். லோ அலாரத்த 70ல விடாம 80 மாதிரி கொஞ்சம் மேல வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எழுந்து குளுக்கோஸ் கரைக்க அவகாசம் கிடைக்கும். அதோட அம்மா போன் சைலன்ட்ல இருந்தா சில போன்ல இந்த அலாரமும் சைலன்ட்தான், அந்த செட்டிங்க ஊருக்கு வரும்போது நீங்களே உக்காந்து மாத்திக் குடுத்துட்டு போங்க.